ஏசுராஜ் தட்டிப் பார்க்கும் சுவர்கள்

ஏசுராஜ் எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் சுவரைத் தட்டிவிடுவார். நடுவிரல் முட்டியால் மூன்று தட்டு. இரண்டடி தள்ளி இன்னும் மூன்று. காதைச் சுவரோடு ஒட்டாத குறையாகச் சாய்ந்து நின்று தீர்ப்புச் சொல்வார். "செங்கல்லு. ஒம்பது இஞ்ச். ஜம்முனு புடிக்கும்." இல்லையென்றால், "அட்டை மேடம் இது. பேருக்குத்தான் செவுரு. காலண்டர் மாட்டுனாகூட கையோட வந்துரும்." எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் தன் வீட்டு வரவேற்பறைச் சுவர் அட்டை என்று இப்படித்தான் தெரிந்துகொண்டார். பில்டரோடு அவர் இன்னும் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருக்கிறார்.

இருபத்தாறு வருடமாக ஏசி மாட்டுகிற மனிதர், தொழில் பழக்கம் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் ஒருநாள் மந்தைவெளியில் ஒரு மாவு மில்லுக்குள் நின்று அவர் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். மாவு மில்லில் யார் ஏசி மாட்டுவார்கள்? வாசலில் நின்று கேட்டேன். மிஷின் சத்தத்தை மீறி, "படத்துக்கு மேடம், படத்துக்கு!" என்று கத்தினார். புருவமெல்லாம் கோதுமை மாவு.

அவருடைய மனைவி ஜான்சி படம் வரைகிறவர். வரைந்ததை விற்க இடம் தேடுவது ஏசுராஜின் இரண்டாவது தொழில். முதல் தொழிலில் சம்பாதிப்பதால் இரண்டாவது தொழிலுக்கு நேரம் கிடைப்பதில்லை என்பது அவருடைய நிரந்தரக் குறை.

ஆள் குள்ளம். ஐம்பத்தொரு வயது. டிரில்லிங் மிஷினோடு பேசிப் பழகியதால் மனிதர்களிடமும் அதே சத்தத்தில்தான் பேசுவார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு கட்டு விசிட்டிங் கார்டு புடைத்துக்கொண்டிருக்கும்: 'ஏசுராஜ். ஏசி, ஃப்ரிட்ஜ், ஃபேன் சர்வீஸ்.' அந்தப் பருமனுக்கு மேல் பொத்தான் ஏறாது. பொத்தான் போட்ட சட்டைப்பையோடு நான் அவரைப் பார்த்ததே இல்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கார்டு கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும் சாமியாருக்குக் கொடுப்பார். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் ஸ்கூட்டர்காரருக்குக் கொடுப்பார். ஒருமுறை சாந்தோமில் ஒரு துக்க வீட்டில் ஐஸ் பெட்டி ஓடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, "கம்ப்ரசர் இஸ்துகினு கீது, மதியம் வரைக்கும் தாங்காது" என்று சொல்லி, அழுதுகொண்டிருந்தவர்களிடம் கார்டை நீட்டினாராம். மதியம் பெட்டி நின்றுவிட்டது. அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

ஜான்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பத்து வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஓவிய ஆசிரியை. ஓவிய வகுப்பை நிறுத்திவிட்டு ரோபோ வகுப்பு கொண்டுவந்ததும் தற்காலிகம் முடிவுக்கு வந்தது. பட்டினப்பாக்கம் குடியிருப்பில் இரண்டாம் மாடியில், சமையலறை ஜன்னலை ஒட்டிப் போட்ட மேசைதான் அவருடைய பட்டறை. தச்சுக்கடையில் மிச்சம் விழும் பிளைவுட் துண்டுகளை வாங்கிவந்து, பட்டி பூசி, தேய்த்து, அதன்மேல் வரைவார். எல்லாம் சாப்பாட்டுத் தட்டு அகலம், அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே. விலை, ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்குகிற காசு. ஒன்றைப் போல இன்னொன்று வரையமாட்டார்.

அவர் வரைகிற விஷயங்கள்தான் வில்லங்கம். கல்யாண மண்டபத்துக்கு வெளியே அடுக்கிவைத்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். பைக் டேங்கின்மேல் மழையில் நனைகிற ஹெல்மெட். பறக்கும் ரயில் நிலையத்தில் ஆளே இல்லாத நீளமான படிக்கட்டு. மீன்காரம்மாவின் அலுமினியப் பாத்திரத்தில் கடைசியாகக் கிடக்கும் ஒரே ஒரு இறால். பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்பார்கள். அடுத்த மூச்சில், சாமி படம் இல்லையா என்பார்கள்.

ஏசுராஜ் இடம் தேடி அலைந்த கதையை அவர் வாயால் கேட்கவேண்டும். முதலில் போனது ஆழ்வார்பேட்டையில் ஓர் ஓவியக் கூடம். கண்ணாடிக் கதவு, உள்ளே நல்ல குளிர். "அவுட்டோர் யூனிட்ட சன்சேடுல வெச்சிருந்தாங்க மேடம், சோக்கான வேலை" என்பதுதான் அந்தக் கூடத்தைப் பற்றி அவருக்கு இன்றைக்கும் இருக்கிற கருத்து. ஓவியரின் படைப்புலகம் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஏசுராஜ் தனக்குத் தெரிந்த சர்வீஸ் ரிப்போர்ட் பாணியில் எழுதிக் கொடுத்தார்: 'என் ஒய்ஃப். நல்லா வரைவாங்க. இன்றைய தேதி வரை கம்ப்ளைன்ட் எதுவும் இல்லை.' கூடத்திலிருந்து இன்றைய தேதி வரை பதிலும் இல்லை.

அப்புறம் தி. நகர், ரங்கநாதன் தெரு. "அங்க படத்துக்கு முன்னால எவனும் நிக்க முடியல மேடம். கூட்டமே இஸ்துகினு பூடுது. ஒர்த்தரு வெல கேட்டாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள மாம்பலம் ஸ்டேஷனுக்கே பூட்டாரு." மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு சனிக்கிழமை கடை விரித்தார். பட்டுப்புடவை மாமி ஒருவர் ஹெல்மெட் படத்தை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தாராம். "நன்னாத்தான் இருக்கு. ஆனா ஹெல்மெட்டை ஆத்துல மாட்டிண்டு என்ன பண்றது, சொல்லுங்கோ?" ஏசுராஜ் படத்தைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். அடையாறில் ஒரு வீட்டு அலங்காரக் கடையில் இறால் படம் சோபா நிறத்தில் கிடைக்குமா என்று கேட்டார்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே காற்று வந்து சிவப்பு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்துக் கடைக்காரர் கரைத்துவைத்திருந்த பஜ்ஜி மாவில் போட்டது. "படத்துக்கு ஒண்ணும் ஆவல மேடம். மாவுக்குத்தான் காசு குடுத்தேன்."

ஞானம் பிறந்தது ஒரு முடிதிருத்தும் கடையில். அன்று அங்கே டிவி ரிப்பேர். ஏசுராஜின் செல்போனிலும் சார்ஜ் இல்லை. முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த முகப்பூச்சு விளம்பரத்தை ஏழு தடவை படித்தாராம். எட்டாவது தடவை அதில் ஓர் எழுத்துப் பிழை கண்டுபிடித்தாராம். வெளியே வரும்போது முடி குறைந்திருந்தது, ஒரு தத்துவம் கூடியிருந்தது.

"நடக்கறவன் பாக்கமாட்டான் மேடம். துன்றவன் பாக்கமாட்டான். கடையில பொருள் வாங்க வந்தவன் சத்தியமா பாக்கமாட்டான். எப்ப நம்ம பேரக் கூப்புடுவாங்கனு சும்மா குந்திகினு கீறான் பாருங்க, அவன் கண்ணுக்குத்தான் வேல வோணும்."

அன்றிலிருந்து மனிதர்கள் காத்திருக்கிற இடங்களாகத் தேட ஆரம்பித்தார். மாவு மில், தையல் கடை, ஜெராக்ஸ் கடை, ரத்தப் பரிசோதனை நிலையம், நோட்டரி வக்கீலின் பெஞ்சு. டிவி இருக்கிற இடம் வேண்டாம். உட்கார்ந்தவரின் கண் மட்டத்துக்கு ஆணி; கையில் ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் படத்தைத் தொங்கவிடமாட்டார். எல்லோரும்தான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று கேட்டேன். "செல்லு சார்ஜ் தீரும் மேடம். செவுருக்குச் சார்ஜ் வாணாம்."

தத்துவம் வேலை செய்தது. ஒரு வருடத்தில் ஒன்பது படங்கள் போயின. ஏசுராஜ் ஒவ்வொன்றுக்கும் பிரியாணி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஒன்பதாவது பிரியாணியின்போதுதான் ஜான்சிக்குச் சந்தேகம் வந்தது.

இதை ஜான்சியே என்னிடம் சொன்னார். மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏசுராஜ் தரையில் உட்கார்ந்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தார்.

"யக்கா, ஒம்பது படமும் யாருக்குப் போச்சு தெரியுமா? ஒம்பது பேரும் இவரு ஏசி கஸ்டமரு. எப்பப் போச்சு தெரியுமா? எல்லாம் ஏப்ரல், மே. டிசம்பர்ல ஒண்ணுகூட போகல. ஏன்யா, டிசம்பர்ல மட்டும் என் கை வரையாதா?"

"குளுருக்குக் கலரு காயாது," என்றார் ஏசுராஜ், தலை நிமிராமல்.

"மெட்ராஸ்ல குளிரா? மே மாசத்துல ஏசி நின்னு போனா நீ ஓடியாரணும், அதுக்கோசரம் வாங்கறாங்க. என் படத்த இல்ல, உன் கம்ப்ரசர வாங்கறாங்க."

நான் பலமாக மறுத்தேன். கொஞ்சம் அதிக பலமாகவே மறுத்துவிட்டேன் போலிருக்கிறது. ஏனென்றால் அந்த ஒன்பது பேரில் நானும் ஒருத்தி. என் படுக்கையறையில், சரியாக ஏசிக்குக் கீழே, மழையில் நனையும் ஹெல்மெட் இருக்கிறது. வாங்கிய அன்று வெயில் நூற்று ஆறு டிகிரி. என் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏசுராஜ் ஏணிமேல் நின்றபடி படத்தைக் காட்டினார். நான் ஏசிக்காகத்தான் வாங்கினேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இப்போது காலையில் கண் விழித்தால் அந்த ஹெல்மெட்டின்மேல் வழிகிற நீரைத்தான் முதலில் பார்க்கிறேன். ஏசி போனாலும் பரவாயில்லை, படம் இருந்தால் போதும் என்று இந்த இடத்தில் எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் மே மாதத்தில் யாரும் அப்படி எழுதக்கூடாது.

ஜான்சிக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் மேற்பார்வையாளர் வேலை வந்திருந்தது. காலை எட்டு மணி முதல் இரவு ஏழு வரை, வாரம் ஆறு நாள். ஜூன் முதல் தேதி திங்கட்கிழமை சேரவேண்டும். சேர்ந்தால் ஜன்னலோர மேசை வெறும் மேசையாகிவிடும், அது அவருக்கும் தெரியும். சேராமலிருக்க அவர் வைத்த நிபந்தனை எளிமையானது. மே மாதம் முடிவதற்குள் ஒரே ஒரு படத்தை, ஏசுராஜைத் தெரியாத, ஏசுராஜ் கைபடாத ஏசி வைத்திருக்கிற, அல்லது ஏசியே இல்லாத ஓர் ஆள் வாங்கவேண்டும். வாங்குகிறவரிடம் படத்தை ஜான்சி தன் கையால்தான் கொடுப்பார்.

"காசு பெருசில்லக்கா. நான் பலகைய வீணாக்கிகினு கீறேனா இல்லையானு எனக்குத் தெரியணும். அவ்ளோதான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கையில் இருந்தது ஒரே ஒரு படம். மாடியிலிருந்து பார்த்து வரைந்த குடங்கள். தெருவில் தண்ணீர் லாரிக்காக வரிசையாக வைத்த பதினாறு பிளாஸ்டிக் குடங்கள், எல்லாம் மேலிருந்து தெரிகிற வட்ட வாய்கள், பச்சை, நீலம், ஆரஞ்சு. நடுவே ஒரு குடத்துக்குப் பதிலாக ஒரு கல். ஜான்சி வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான் என்பது என் எண்ணம். அதைத்தான் யாரும் மாட்ட ஒப்புக்கொள்ளவில்லை. மாவு மில்காரர் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "காலிக் குடமா? கடைக்குள்ள வர்றவனுக்கு எதிர்ல காலிக் குடத்தைக் காட்டச் சொல்றியா?" தையல்காரரும் அதையே சொன்னார். ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்லக்கூட இல்லை, கையை மட்டும் ஆட்டினார். "தண்ணி ரொம்பித்தான் சார் கீது, மேலேர்ந்து பாத்தா தெரியல" என்று ஏசுராஜ் சாதித்துப் பார்த்தார். அது ஜான்சியின் காதுக்கு எட்டியது. "ஒண்ணுத்துலயும் சொட்டுத் தண்ணி கெடையாது. லாரி வர்றதுக்கு முன்னாடி வெச்ச குடம்யா அது!"

கடைசியில் இடம் கிடைத்தது என் பல்லால். எனக்கு வேர்ச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. மந்தைவெளியில் டாக்டர் அன்புக்கரசியின் கிளினிக். அவருக்கு ஏசி சர்வீஸ் செய்ய ஆள் வேண்டுமென்று கேட்டார், நான் ஏசுராஜை அனுப்பினேன். உள்ளே போனவர் வழக்கம்போலச் சுவரைத் தட்டினார். நான்கு சுவரிலும் அலமாரி. அப்புறம் என்ன தோன்றியதோ, சிகிச்சை நாற்காலியில் தானே ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டு மேலே பார்த்தாராம். அரை மணி நேரம் நோயாளி பார்த்துக்கொண்டிருப்பதற்கு அங்கே ஒரு வெள்ளைக் கூரையும் பல்லி ஒன்றும் மட்டுமே இருந்தன.

"டாக்டரம்மா, ஊருலயே இத்தவிட நல்ல செவுரு கெடையாது," என்றார்.

விழுந்துவிடுமே என்று டாக்டர் பயந்தார். "ஒன்றர டன் ஏசியவே தொங்கவுட்டவன் நானு. இது ஒரு பலக." ஒன்றரை டன் என்பது ஏசியின் குளிர்ச்சிக்கான கணக்கு, எடையில்லை என்பது டாக்டருக்குத் தெரியவில்லை. ஏசுராஜ் தெரியப்படுத்தவும் இல்லை. நான்கு ஆங்கர் போல்ட் அடித்து, குடங்களைக் கூரையில் பதித்தார். காலிக் குடம் வாசலுக்கு எதிரே இருந்தால்தானே குற்றம். தலைக்கு மேலே இருந்தால் குற்றம் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை என்று வரவேற்பாளரும் சமாதானமானார்.

ஆனால் ஒரு சிக்கலை ஏசுராஜ் யோசிக்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறவர் எப்படி விலை கேட்பார்? வாயைக் கொப்பளித்து எழுந்ததும் எல்லோரும் விலை கேட்டார்கள்தான், பல்லுக்கு. பல்லின் விலையைக் கேட்டபின் வேறெதையும் கேட்கிற தெம்பு யாருக்கும் இல்லை. இரண்டு வாரம் போயிற்று.

இங்கேதான் ஏசுராஜ் ஒரு காரியம் செய்தார். அவர்மேல் எனக்கு இருக்கிற பிரியத்தில் இதை விட்டுவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் விட்டால் ஆள் முழுசாக வரமாட்டார். வடபழனியில் ஆட்டோ ஓட்டும் பாண்டுரங்கன் அவருக்குப் பழைய சிநேகிதர், ஜான்சி பார்த்தறியாதவர். அவருக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டி, கையில் காசும் கொடுத்து, பல் டாக்டரிடம் படத்தைப் பார்த்து மயங்கியவராகப் பட்டினப்பாக்கத்துக்கு அனுப்பிவைத்தார். ஒத்திகை எல்லாம் நடந்திருக்கிறது. படத்தைக் காட்ட மட்டும் மறந்துவிட்டார்.

"படத்துல இன்னா புடிச்சுதுண்ணே?" என்று ஜான்சி டீ கொடுத்துக்கொண்டே கேட்டிருக்கிறார்.

"கலரும்மா. எல்லாக் கலரும் சோக்கா கீது."

"வேற?"

பாண்டுரங்கன் யோசித்தார். வாங்குகிற படம் என்றால் வேறென்ன இருக்கும்? "சாமி மொகத்துல நல்ல களை," என்றார்.

ஜான்சி சண்டை போடவில்லை. பாண்டுரங்கனை டீ முடிக்கவிட்டு, வாசல் வரை வந்து வழியனுப்பினார். மறுநாள் என் வீட்டில் அவுட்டோர் யூனிட்டின் ஸ்டாண்டை மாற்ற வந்தபோது ஏசுராஜ் அந்தக் கதையைச் சொன்னார். முதல் பாதிக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முதல் தடவையாக அவர் குரல் பக்கத்து அறைக்குக் கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

"ஜான்சி ஒண்ணுதான் மேடம் கேட்டுது. 'உனக்கே நம்பிக்கை இல்லாதப்ப ஊருல எவனுக்குய்யா வரும்?' அத்தோட பிரஷ்ஷு எல்லாத்தையும் கழுவி டம்ளர்ல கவுத்து வெச்சிட்ச்சி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

டிரில்லிங் மிஷினை ஓட்டினார். தேவையில்லாத இடத்தில் விழுந்த அந்த ஓட்டை இன்னும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அடைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மே மாதம் முப்பதாம் தேதி, சனிக்கிழமை மாலை. எனக்குப் பல்லில் கடைசி அடைப்பு. கிளினிக்கில் முன்னறையில் உட்கார்ந்திருந்தபோது ஏசுராஜ் ஏணியோடு வந்தார், பின்னாலேயே ஜான்சி. படத்தைக் கழற்றிக்கொண்டு போக வந்திருந்தார்கள். பெஞ்சில் எனக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்தார்கள். ஏசுராஜ் சுவரைத் தட்டவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"படத்தை நான் வாங்கிக்கறேனே," என்றேன் ஜான்சியிடம்.

"நீங்க ஏசி கஸ்டமர்க்கா. செல்லாது."

உள்ளேயிருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். "ஏசுராஜ், கொஞ்சம் இருங்க. உள்ள ஒருத்தருக்குப் பல் எடுத்திருக்கேன். படத்தைக் கழட்ட ஏணி வந்திருக்குன்னு சொன்னதும் எழுந்துக்கவே மாட்டேங்கறார். படத்தை எங்க கொண்டுபோறீங்கன்னு கேக்கறார்."

நாங்கள் மூன்று பேரும் உள்ளே போனோம். நாற்காலியில் காக்கிச் சட்டை போட்ட ஒல்லியான மனிதர், நாற்பது வயதிருக்கும். வாயில் பஞ்சு. ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போய்த் தொங்கியது. பெயர் அமீன், தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். இது அவருக்கு மூன்றாவது சிட்டிங்.

"இத்த வரைஞ்சது யாரு?" என்று பஞ்சை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

ஏசுராஜ் வாயைத் திறந்தார். ஜான்சி ஒரு விரலைத் தூக்கினார். அவர் மூடிக்கொண்டார்.

"நான்தான்."

"லாரி மேல நின்னு பாத்தா இப்டித்தான் யக்கா தெரியும். அச்சு அசல். நான் டெய்லி மேலேர்ந்து பாக்கறது, மூணு தபா கீழ படுத்துகினு பாத்தேன்." அமீன் படுத்தபடியே கையை நீட்டிக் காட்டினார். "நடுவுல பாரு, கல்லு! எவளோ ஒர்த்தி குடத்துக்குப் பதிலா கல்லு வெச்சு இடம் புடிச்சிகினு கீறா. அந்தக் கல்லாலதான் டெய்லி ரகளையே. போன வாரம் மட்டும் மூணு சண்ட வெலக்கிவுட்டேன்."

ஜான்சியின் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. ஆனால் அவர் விடுகிற ஆளில்லை. "காலிக் குடம்ணே அது. வூட்ல மாட்டக்கூடாதுனு எல்லாரும் சொல்றாங்க."

"காலியா இருந்தாத்தான யக்கா எனக்குச் சோறு? ரொம்புன குடத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது?" அமீன் எழுந்து உட்கார்ந்தார். "வெல சொல்லு."

ஜான்சி விலையைச் சொன்னார். அமீன் பேரம் பேசவில்லை. பேரம் பேசுகிற நிலைமையில் அவர் வாய் இல்லை என்று ஏசுராஜ் பிற்பாடு சொன்னது வேறு விஷயம். சட்டையின் உள்பையிலிருந்து காசை எடுத்தார். ஏசுராஜ் விடுவிடுவென்று ஏணியில் ஏறி நான்கு போல்ட்டையும் கழற்றினார். அவசரத்தில் ஒரு நட்டு நழுவி டாக்டரின் தட்டில் விழுந்து ணங்கென்றது. படத்தைத் துடைத்து ஜான்சியின் கையில் கொடுத்துவிட்டு, இறங்கி, ஓரமாக நின்றுகொண்டார்.

ஜான்சி படத்தை மார்போடு பிடித்துக்கொண்டார். கொடுக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இந்த ஆளை இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?"

அமீன் ஏசுராஜை மேலும் கீழும் பார்த்தார். "இல்லியே. ஏணிக்காரருதான?"

"பாண்டுரங்கன்னு யாராச்சும் தெரியுமா?"

"ஏன் யக்கா, எதனா கேஸா?"

"அதெல்லாம் இல்ல. உங்க வூட்ல ஏசி கீதா?"

டாக்டர் அன்புக்கரசி என்னைப் பார்த்தார். நான் ஏசுராஜைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடத்தில் அந்தக் கேள்விக்கு இல்லை என்ற பதில் வரவேண்டுமென்று அவர் வேண்டிக்கொண்டது அன்று ஒருநாள்தான் இருக்கும்.

அமீனுக்குச் சிரிப்பு வந்தது. பாதி வாய்தான் சிரித்தது. "ஏசியா? நமக்கா? ஒரே ஒரு ஃபேனு யக்கா. அதுவும் நாலு மாசமா கடகடனு அடிச்சிகினு கீது, எப்பத் தலையில வுழும்னு தெரியல."

ஜான்சி படத்தை நீட்டினார். கண் நிறைந்திருந்தது, அதை மறைக்க அவர் முயலவில்லை. அமீன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கடகடவென்ற வார்த்தை காதில் விழுந்ததுமே ஏசுராஜின் தலை நிமிர்ந்துவிட்டது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. இரண்டு விரல் நடுவே ஒரு கார்டு பாதி வெளியே வந்தது. அப்போது ஜான்சி திரும்பி அவரைப் பார்த்தார்.

ஏசுராஜ் கார்டை உள்ளே தள்ளினார். கொஞ்சம் யோசித்து, கட்டு மொத்தத்தையும் வெளியே எடுத்து பேண்ட் பைக்குள் திணித்தார். பிறகு, தட்டையாகிப்போன சட்டைப்பையின் பொத்தானைத் தேடிப் பிடித்துப் போட்டுக்கொண்டார்.